லேப்டாப்பில் வைஃபை அடிக்கடி கட்டாகிறது: கோளாறு எந்தப் பக்கம்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: வீட்டில் ஃபைபர் இணைப்பு, மூன்று வருடம் ஆன விண்டோஸ் லேப்டாப். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வைஃபை கட்டாகிறது. சில நேரம் கட்டாகாமலே ‘கனெக்டட், நோ இன்டர்நெட்’ என்று நிற்கிறது. போனில் பிரச்சினை தெரிவதில்லை. நெட் கொடுத்தவர்கள் லேப்டாப்பைக் கை காட்டுகிறார்கள், சர்வீஸ் கடையில் மதர்போர்டு மாற்ற வேண்டும் என்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

இப்போதைக்கு மதர்போர்டும் வேண்டாம், புது ரவுட்டரும் வேண்டாம். லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை காற்றில் ஒரு பாதை, ரவுட்டரிலிருந்து வெளியே ஃபைபரில் இன்னொரு பாதை. இரண்டில் எது அறுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு மணி நேரம் போதும். அது தெரியாமல் ஆளுக்கொன்று சொல்வதைக் கேட்டு ஐந்தாறு செட்டிங்கை ஒரே நாளில் மாற்றினால், எதனால் சரியானது என்றும் தெரியாது, மறுபடி கெட்டால் எங்கே கை வைப்பது என்றும் தெரியாது.

முதலில் போன் விஷயம். ‘போனில் நன்றாக ஓடுகிறது’ என்பதை அப்படியே ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்றைய போன்களில் பல, வைஃபை தடுமாறினால் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். வீடியோ பார்க்கும்போதும் முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைத்திருப்பதால் இருபது நொடி தடங்கல் உங்கள் கண்ணுக்கே தெரியாது. போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, லேப்டாப் இருக்கும் அதே மேசையில் வைத்து, வீடியோ கால் போட்டுப் பாருங்கள். அதிலும் கட்டானால் லேப்டாப்பின் மேல் இருந்த சந்தேகம் பாதி போய்விடும்.

அடுத்து பிங்: ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் கட்டளை. ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி (cmd) என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று கொடுத்தால் ‘டிஃபால்ட் கேட்வே’ என்ற வரியில் ரவுட்டரின் முகவரி வரும், பெரும்பாலும் 192.168.1.1 போல இருக்கும். இப்போது இரண்டு ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் மற்றதில் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கும் பிங் விடுங்கள். முகவரிக்குப் பின் ஒரு இடைவெளி விட்டு, கழித்தல் குறியோடு டி எழுத்தைச் சேர்த்தால் (ping 8.8.8.8 -t) நீங்கள் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஓட விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். கட்டாகும் நேரத்தில் இரண்டையும் உற்றுப் பாருங்கள்.

ரவுட்டருக்குப் போகும் பிங் ஒழுங்காக ஓட, 8.8.8.8 மட்டும் நின்றால் உங்கள் லேப்டாப் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஃபைபர் பக்கம் கோளாறு. இரண்டும் சேர்ந்து நின்றால் காற்றில் இருக்கும் பாதையோ ரவுட்டரோ காரணம். இரண்டும் ஓடுகிறது, பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சிக்குகிறது; லேப்டாப்பின் வைஃபை அடாப்டர் செட்டிங்கில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கையால் கொடுத்துப் பாருங்கள். பழைய விபிஎன் செயலி, காலாவதியான ஆன்டிவைரஸ் ஆகியவற்றின் மிச்சமீதியும் இதே அறிகுறியைத் தரும்.

ரவுட்டரின் பிங் நின்றபோது திரையில் என்ன வாசகம் வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பலர் ‘எரர் வந்தது’ என்று மட்டும் சொல்வார்கள், ஆனால் மூன்று வாசகங்களுக்கும் பொருள் வேறு. ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்றால் லேப்டாப் தான் இணைந்திருப்பதாகவே நினைக்கிறது. அனுப்பியதற்குப் பதில் வரவில்லை. சிக்னல் குறைவு, குறுக்கீடு, ரவுட்டர் திணறல் இவற்றில் ஒன்று. ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று உங்கள் லேப்டாப்பின் சொந்த முகவரியிலிருந்தே வந்தால், ரவுட்டரை உள் வலையில் தேடியும் கிடைக்கவில்லை. ரவுட்டர் உறைந்து போயிருக்கலாம். ‘ஜெனரல் ஃபெயிலியர்’ என்றால் வைஃபை அடாப்டரே இணைப்பில் இல்லை. டிரைவர் (வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள்), மின்சேமிப்பு, கார்டு என்று லேப்டாப்புக்குள் தேட வேண்டும்.

கட்டாகவில்லை, ஆனால் நேரம் ஏறி இறங்குகிறது என்றால் அதுவும் தகவல்தான். பக்கத்து அறையிலிருந்து ரவுட்டருக்கு 2 முதல் 10 மில்லிசெகண்டுக்குள் பதில் வர வேண்டும். எப்போதாவது ஒன்று 100 ஆனால் பொருட்படுத்த வேண்டாம். 3, 4, 600, 1200, 5 என்று தாவிக்கொண்டே இருந்தால் வீடியோ காலில் குரல் நிச்சயம் உடையும்.

இதோடு விண்டோஸ் தானே எழுதி வைத்திருக்கும் ஒரு ஆவணத்தையும் பார்த்துவிடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கட்டளை ஜன்னலில் நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ டபிள்யூலேன்ரிப்போர்ட் (netsh wlan show wlanreport) என்று கொடுத்தால் கடந்த மூன்று நாள் வைஃபை வரலாறு பிரவுசரில் திறக்கும் கோப்பாகத் தயாராகும். ஒவ்வொரு துண்டிப்புக்கும் நேரமும் காரணமும் இருக்கும். ‘டிரைவர் துண்டித்தது’ என்று கண்டவுடன் டிரைவர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். சிக்னல் போனாலும் அதையேதான் எழுதும். நேரங்களைப் பாருங்கள். சார்ஜர் கழற்றிய பிறகு மட்டுமா, சாயந்திரம் 7 மணிக்கு மேல் மட்டுமா, மூடித் திறந்த உடனேவா என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் அந்த ஒழுங்கிலேயே அகப்பட்டுவிடும்.

ரவுட்டர் பக்கம் ஒரு கண். கட்டாகும் நொடியில் அதன் விளக்குகளைப் பாருங்கள். எல்லாம் ஒருமுறை அணைந்து எரிந்தால் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. நேரில் பார்க்க முடியாவிட்டால், பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை அடித்தால் திறக்கும் செட்டிங் பக்கத்தில், ஸ்டேட்டஸ் பகுதியில் ‘அப்டைம்’ (எவ்வளவு நேரமாக ஓடுகிறது) என்று இருக்கும். நீங்கள் கை வைக்காமலே அது சில நிமிடங்கள்தான் காட்டுகிறது என்றால் மின்சாரம்தான் முதல் சந்தேகம். ரவுட்டரோடு வரும் 12 வோல்ட் அடாப்டர் இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். உள்ளே கெபாசிட்டர் வலுவிழந்து, லோடு ஏறும்போது வோல்ட் இறங்கும், ரவுட்டர் மயங்கி எழும். அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் அதே வோல்ட், அதே அளவோ கூடுதலோ ஆம்பியர், அதே பின் உள்ள இன்னொன்றை மாட்டிப் பாருங்கள். கரண்ட் ஒரு நொடி கண் சிமிட்டினாலும் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், ரவுட்டர் விழுந்து எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். இது வைஃபை கோளாறு போலவே தோன்றும். ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன டிசி யூபிஎஸ் இந்த இடத்தில் உண்மையிலேயே பயன்படும் பொருள்.

‘லாஸ்’ என்ற சிவப்பு விளக்கு எரிந்தாலோ, ‘பான்’ விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தாலோ ஃபைபர் ஒளி சரியாக வரவில்லை. ரவுட்டரின் அதே செட்டிங் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர், அதாவது வந்து சேரும் ஒளியின் அளவு, எண்ணாக இருக்கும். மைனஸ் 27 டிபிஎம்முக்கு (சிக்னலின் சக்தியை அளக்கும் அலகு) கீழே போனால் இணைப்பு நிலைக்காது. டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்த மெல்லிய மஞ்சள் வயரைக் கூர்மையாக மடக்கி அழுத்தி வைத்திருப்பார்கள். கண்ணாடி இழை மடங்கினால் ஒளி வழியிலேயே கசிந்துவிடும். வளைவைத் தளர்த்திவிட்டு எண்ணை மறுபடி பாருங்கள். புகார் கொடுக்கும்போதும் ‘நெட் ஸ்லோ’ என்பதற்குப் பதிலாக இந்த எண்ணையும், 8.8.8.8 மட்டும் நின்ற பிங் படத்தையும் கொடுத்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

வெளிப்பாதை சரி, காற்றில்தான் அறுகிறது என்று தெரிந்தால், அடுத்து சிக்னல். கீழ் மூலையில் இருக்கும் கோடுகளை நம்ப வேண்டாம். நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ் (netsh wlan show interfaces) என்ற கட்டளை சிக்னலைச் சதவீதத்தில் தரும், எந்த சேனல் என்றும் சொல்லும். அந்தச் சதவீதத்தை இரண்டால் வகுத்து 100ஐக் கழித்தால் டிபிஎம் கிடைக்கும். 80 சதவீதம் என்றால் மைனஸ் 60. 66 என்றால் மைனஸ் 67. 50 என்றால் மைனஸ் 75. வீடியோ காலுக்கு மைனஸ் 67 வரை தாராளம். மைனஸ் 75க்குக் கீழே போனால் எந்த செட்டிங்கும் கை கொடுக்காது, இடத்தைத்தான் மாற்ற வேண்டும். ஒவ்வொரு 3 டிபி குறையும்போதும் வந்து சேரும் சக்தி பாதியாகிறது. ஆகவே மைனஸ் 60க்கும் 75க்கும் இடையே முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். இன்னொன்று: இந்த எண், ரவுட்டர் பேசுவது லேப்டாப்புக்கு எவ்வளவு கேட்கிறது என்பது மட்டுமே. லேப்டாப் பேசுவது ரவுட்டருக்கு எவ்வளவு கேட்கிறது என்று அது சொல்லாது. லேப்டாப்பின் குரல் பொதுவாக ரவுட்டரைவிடச் சன்னமானது. கோடுகள் நிறைய இருந்தும் எதுவும் நகராமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

நம் வீடுகளில் ரவுட்டர், வயர் உள்ளே நுழைந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது: வாசல் பக்கம், ஷோகேஸுக்குள், டிவிக்குப் பின்னால். சுவரைக்கூட சிக்னல் ஓரளவு கடக்கும். இரும்பு பீரோ, கண்ணாடி பதித்த அலமாரி, ஃபிரிட்ஜ், கம்பி நிறைந்த கான்கிரீட் தூண் ஆகியவை அடைத்துவிடும். ரவுட்டருக்கும் உங்கள் மேசைக்கும் நடுவே மனதில் ஒரு நேர்கோடு போட்டு, அதில் பீரோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரவுட்டரை இரண்டு மூன்று அடி பக்கவாட்டில் நகர்த்தினாலே எண் ஏறும். ஆளுயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வைப்பது எப்போதும் நல்லது. மூடிய ஷெல்ஃபில் ரவுட்டர் சூடேறித் திணறுவதும் உண்டு.

இனி 2.4 கிகாஹெர்ட்ஸ். வைஃபை ஓடும் அலைவரிசைப் பட்டைகளில் ஒன்று இது, மற்றது 5 கிகாஹெர்ட்ஸ்; ஒவ்வொன்றும் சேனல்கள் என்ற துண்டுகளாகப் பிரிந்திருக்கும். அடுக்குமாடி வீட்டில் இந்தப் பட்டையில் அமைதி கிடைப்பது அபூர்வம். 13 சேனல்கள் இருப்பதாகத் தெரிந்தாலும் ஒன்றையொன்று உரசாதவை 1, 6, 11 மூன்றுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் 6இல் இருக்கிறார்கள் என்று நீங்கள் 4இல் போய் உட்கார்ந்தால் நிலைமை மோசமாகும். ஒரே சேனலில் இருந்தால் ரவுட்டர்கள் முறை வைத்துப் பேசும், பாதி உரசும் சேனலில் அது வெறும் இரைச்சலாகவே விழும். ஆகவே ஆட்டோவை எடுத்துவிட்டு, வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றில் கூட்டம் பார்த்து, மூன்றில் ஒன்றைப் பொருத்துங்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் மட்டும் போதும். 40 வைத்தால் கிடைக்கும் வேகத்தைவிட இழக்கும் நிம்மதி அதிகம். 12, 13 சேனல்களை வைக்காதீர்கள். சில லேப்டாப்கள் அவற்றைக் காணவே காணாது.

பலர் அறியாத ஒன்று யூஎஸ்பி 3.0. அதன் 5 கிகாபிட் ஓட்டம், சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் விழும் ரேடியோ இரைச்சலைக் கிளப்புகிறது. இதை 2012லேயே இன்டெல் அளந்து ஆவணமாக வெளியிட்டது. வெளி ஹார்டு டிஸ்கோ, மலிவு யூஎஸ்பி ஹப்போ மாட்டியவுடன் நெட் படுத்துக்கொள்கிறது என்றால் காரணம் இதுதான். கழற்றிவிட்டு பிங்கைப் பாருங்கள். நேரம் அந்த நொடியே இறங்கினால் கண்டுபிடித்துவிட்டீர்கள். தீர்வுகள்: மறுபக்க போர்ட்டில் மாட்டுவது, நல்ல கவசமுள்ள நீள கேபிள் போட்டு டிஸ்கை அரை மீட்டர் தள்ளி வைப்பது, அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போவது. புளூடூத் ஹெட்செட்டும் இதே பட்டையில்தான் இயங்குகிறது. பல லேப்டாப்களில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஒரே கார்டு, சிலவற்றில் ஒரே ஆன்டெனா. ஹெட்செட் போட்டுக் கால் பேசும்போது மட்டும் குரல் உடைந்தால் இதைச் சந்தேகியுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும் சில நிமிடங்கள் மட்டும் கட்டாவதும் இந்தப் பட்டையின் வியாதிதான்.

எனவே லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸில் நிறுத்துவதே என் முதல் தேர்வு. ரவுட்டரில் இரண்டு பட்டைக்கும் ஒரே பெயர் இருந்தால், லேப்டாப் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும்போதெல்லாம் ஒரு தடங்கல் வரும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, லேப்டாப்பில் 5இன் பெயரை மட்டும் சேமியுங்கள். மற்றதை ‘ஃபர்கெட்’ கொடுத்துவிடுங்கள். சேனல் 36 முதல் 48 வரை அல்லது 149 முதல் மேலே வையுங்கள். நடுவில் 52 முதல் 144 வரை உள்ளவை ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். ரேடார் போல ஏதாவது கேட்டால் ரவுட்டர் அந்த இடத்தை உடனே காலி செய்ய வேண்டும் என்பது விதி. அப்படிப்பட்ட இன்னொரு சேனலுக்குப் போனால் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும். காரணமே தெரியாமல் ஒரு நிமிடம் பெயரே மறைந்து திரும்பி வருகிறது என்றால் இதைப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைக் கடப்பதில் பலவீனம். இரண்டு சுவருக்கு அப்பால் இருந்தால் அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்தது லேப்டாப்புக்குள். ‘ஜெனரல் ஃபெயிலியர்’ வந்தவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் கீழே வைஃபை கார்டின் பெயரை இருமுறை கிளிக் செய்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் ‘மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம்’ என்ற பொருளில் இருக்கும் முதல் டிக்கை எடுங்கள். புதிய லேப்டாப்கள் சிலவற்றில் அந்தப் பக்கமே இருக்காது. அது கோளாறு அல்ல. பேட்டரியில் மட்டும் கட்டாகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே மருந்து. அட்வான்ஸ்டு பக்கத்தில் ‘ரோமிங் அக்ரெசிவ்னெஸ்’ என்று ஒன்று உண்டு. வீட்டில் ஒரே ரவுட்டர்தான் என்றால் அதை ‘லோயஸ்ட்’ ஆக்குங்கள். வேறு நல்ல சிக்னல் கிடைக்குமா என்று லேப்டாப் அடிக்கடி தேடப் போவது குறையும். ‘பிரிஃபர்டு பேண்ட்’ இருந்தால் 5 என்று வையுங்கள்.

டிரைவர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரத்தில் வரும் எதையும் இறக்காதீர்கள். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். இன்டெல் கார்டு என்றால் இன்டெல் தளத்திலிருந்து நேராக எடுக்கலாம். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால் புதியதைத் தேடுவதைவிட ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுப்பதே சரி. கார்டு டிவைஸ் மேனேஜரிலிருந்தே காணாமல் போனாலோ, கோட் 10 அல்லது 43 என்று மஞ்சள் முக்கோணம் காட்டினாலோ, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். சாதாரண ஷட் டவுன் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் விண்டோஸ் பாதி தூங்குகிறதே தவிர முழுதாக அணைவதில்லை. அணைந்ததும் சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 முதல் 60 நொடி வரை அழுத்திப் பிடித்துவிட்டு ஆன் செய்யுங்கள். தொங்கிப்போன கார்டு பல நேரம் இதிலேயே எழுந்துவிடும். ‘நெட்வொர்க் ரீசெட்’ கடைசி ஆயுதம். சேமித்த பாஸ்வேர்டு, விபிஎன் எல்லாம் போய்விடும்.

உபுண்டு வைத்திருப்பவர்கள், நெட்வொர்க்மேனேஜரின் செட்டிங் கோப்புகளில் வைஃபை பவர்சேவ் 3 என்று இருப்பதை 2 ஆக்கினால் மின்சேமிப்பு அணையும். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி வைஃபை சின்னத்தைக் கிளிக் செய்தால் டிபிஎம் எண் நேராகவே தெரியும்.

ரவுட்டரில் வைஃபை பாஸ்வேர்டைக் காக்கும் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலப்பில் இருந்தால் சில பழைய கார்டுகள் அதில் தடுமாறும். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மட்டும் வைத்து ஒரு நாள் பாருங்கள். டிகேஐபி என்ற பழைய முறை வேண்டவே வேண்டாம், வேகத்தை 54 மெகாபிட்டுக்கு இழுத்துவிடும். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்து, ‘ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்’ என்பதை லேப்டாப்பில் அணைத்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் வன்பொருள். அதையும் கடைக்குப் போகாமல் சோதிக்கலாம். பெரும்பாலான லேப்டாப்களில் ஆன்டெனா, திரையின் மேல்விளிம்பில் இருக்கிறது. அங்கிருந்து தலைமயிரைவிடச் சற்றே தடித்த இரண்டு வயர்கள் கீல் வழியாக இறங்கி கார்டுக்கு வருகின்றன. தினமும் மூடித் திறக்கும் இடம் அது. வருடக்கணக்கில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்துவிடும். லேப்டாப்பை நகர்த்தாமல், பிங் ஓடும்போது திரையை மெதுவாக 90 பாகையிலிருந்து 130 வரை சாய்த்துக்கொண்டே போங்கள். ஏதோ ஒரு கோணத்தில், முன்பு சொன்ன இன்டர்ஃபேசஸ் கட்டளை காட்டும் சிக்னல் சதவீதம் சட்டென்று விழுந்து, திருப்பினால் ஏறினால், வயர்தான்.

ஃபேன் சுத்தம் செய்யவோ கீபோர்டு மாற்றவோ திறந்த பிறகு சிக்னல் குறைந்ததா? ரவுட்டருக்கு ஒரு மீட்டரில் ஓடுகிறது, அடுத்த அறைக்குப் போனால் போய்விடுகிறது என்றால் கார்டின் மேல் இருக்கும் ஆன்டெனா பொத்தான் கழன்றிருக்கிறது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம் அது. நேர் மேலாக வைத்து நகத்தால் அழுத்தினால் மெல்லிய ‘டிக்’ கேட்கும். சாய்வாக அழுத்தினால் நசுங்கிவிடும். அடிக்கடி கழற்றி மாட்டத் தாங்காத இணைப்பு அது, தேவையில்லாமல் தொட வேண்டாம். திறக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், எந்த வயர் எந்த முனையில் இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கார்டே போய்விட்டதா என்று உறுதி செய்ய, இரண்டு பட்டையும் பிடிக்கும் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றை நண்பரிடம் வாங்கி ஒரு நாள் ஓட்டுங்கள். அதில் கட்டாகவில்லை என்றால் மதர்போர்டில் கை வைக்கவே தேவையில்லை. பல மாடல்களில் கார்டு ஒற்றை ஸ்க்ரூவில் நிற்கும் தனி உறுப்பு. நகம் அளவு நானோ அடாப்டரைச் சோதனைக்கு எடுக்காதீர்கள், அதன் ஆன்டெனாவே பலவீனம். புதுக் கார்டு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் அதற்கு இடம் கொடுக்கும் இன்டெல் லேப்டாப்பில் மட்டுமே வேலை செய்யும், ஏஎம்டி பிராசசர் உள்ள லேப்டாப்பில் மாட்டினால் தெரியவே தெரியாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 கார்டுகள் இன்டெல், ஏஎம்டி இரண்டு வகையிலும் ஓடும். சில பழைய மாடல்களில் பயோஸ் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்) தன் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது. கார்டை மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைத்த மெல்லிய மாடல்களும் உண்டு. மாடல் எண்ணோடு சர்வீஸ் மேனுவலைத் தேடி, கார்டு தனியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.